சபரிபீடத்தில் அம்மா உட்கார வேண்டும்: எந்த வழி, எந்த மாதம்?

பீடோங் மகள் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். மலேசியா, கெடா, பீடோங்கிலிருந்து எழுதுகிறேன். சுங்கைப்பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். அம்மாவுக்கு வயது 66. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பாலெடுத்தவர். தோட்டம் செம்பனைக்கு மாறியபோது தோட்டக் குடியிருப்பான லயத்தை விட்டு வெளியேறி, இப்போது தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் என்னோடும் தம்பியோடும் இருக்கிறார். வலது முழங்காலில் தேய்மானம். இரத்த அழுத்தத்துக்குத் தினமும் காலையில் மாத்திரை. சர்க்கரை நோய் இல்லை.

அப்பா நடமாடிய காலம்வரை கார்த்திகை பிறந்தால் சபரிமலைக்கு மாலை போட்டுவிடுவார். அந்த நாள்களில் அம்மா இருட்டோடு எழுந்து குளித்து, விரதச் சமையலை முடித்து வைத்துவிட்டுத்தான் பெரட்டுக்கு (தோட்டத்துக் காலை ஆள்கணக்கெடுப்புக்கு) ஓடுவார். 50 வயது தாண்டியதும் தானும் மலைக்குப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் அப்பா பக்கவாதத்தில் படுத்துவிட்டார். அதன் பிறகு அம்மாவுக்கு அந்தக் கட்டில்தான் உலகம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அப்பா காலமானார்.

அப்பா மலையிலிருந்து திரும்பியதும் எங்களை உட்காரவைத்துக் கதை சொல்வார். பதினெட்டாம்படியைப் பற்றி அதிகம் பேசமாட்டார். சபரிபீடத்தைப் பற்றித்தான் பேசுவார். அப்பாச்சிமேடு ஏறி, இனி முடியாது என்று கால்கள் சொல்லும்போது அந்த இடம் வரும் என்பார். தேங்காய் உடைத்து, கற்பூரம் ஏற்றி, காட்டைப் பார்த்துச் சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் நகர்வாராம். கேட்டுக் கேட்டு அம்மாவின் மனத்தில் அந்த இடம் பதிந்துவிட்டது. "சன்னிதானத்தில் ஒரு நொடி தரிசனம் கிடைத்தாலும் போதும். சபரிபீடத்தில் என் கையால் ஒரு தேங்காய் உடைக்க வேண்டும்" என்கிறார்.

இந்த ஆண்டு தம்பி முதல் முறையாக மாலை போடுகிறான். அவனோடு அம்மாவும் போவதாக முடிவு. பயண ஏற்பாட்டாளரிடம் கேட்டபோது, வயதானவர்களைச் சுவாமி ஐயப்பன் சாலை வழியாகத்தான் ஏற்றுவோம், அல்லது ஆள்கள் தூக்கிச் செல்லும் டோலி எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். அந்தச் சாலையில் போனால் சபரிபீடம் வராது என்று தம்பி சொல்கிறான். உண்மையா? நீலிமலை வழியாக அம்மாவால் ஏற முடியுமா? எனக்கு 38 வயது. வழக்கப்படி நான் பம்பைக்கு மேல் போக முடியாது. பக்கத்தில் இருந்து கையைப் பிடிக்க முடியாத கவலைதான் எனக்குப் பெரிதாக இருக்கிறது. போய்வந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

---

லூனாஸ் ஐயப்பதாசன் எழுதியது:

சாமி சரணம். தங்கையே, தம்பி சொன்னது சரி. பம்பையில் கணபதியைக் கும்பிட்டுவிட்டு மேலே நடந்தால் நீலிமலை அடிவாரத்தில் பாதை இரண்டாகப் பிரியும். ஒன்று நீலிமலை, அப்பாச்சிமேடு, சபரிபீடம் வழியாகப் போகும் பழைய பாதை. மற்றது சுவாமி ஐயப்பன் சாலை. அது வளைந்து வளைந்து, சரிவு குறைவாகப் போகும். டிராக்டர் ஓடும் சாலையும் அதுதான். இரண்டும் மரக்கூட்டத்தில் சேரும். சபரிபீடம் மரக்கூட்டத்துக்கு முன்னாலேயே பழைய பாதையில் இருப்பதால், சாலையில் வருகிறவர்கள் அதைப் பார்க்காமலே போய்விடுவார்கள்.

என் கருத்து, அம்மாவைச் சாலை வழியாகவே அனுப்புங்கள். ஐயப்பனைப் பார்ப்பதுதான் நோக்கம். 66 வயதில், முழங்கால் தேய்மானத்தோடு, கார்த்திகை, மார்கழி மண்டலக் கூட்டத்தில் நீலிமலை ஏறுவது சாதாரணக் காரியமில்லை. எங்கள் குழுவில் ஒரு பெரியவர் அப்பாச்சிமேட்டில் மயங்கிவிட்டார். தூக்குப்படுக்கையில் வைத்துக் கீழே இறக்கினார்கள். தெய்வாதீனமாகப் பிழைத்தார். சபரிபீடத்துத் தேங்காயைத் தம்பி அம்மாவின் பெயரில் உடைக்கலாமே.

---

டிரெசர் (ஓய்வு) எழுதியது:

அம்மா மகளே, நான் பீடோங் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் டிரெசராக (தோட்ட மருத்துவ உதவியாளராக) வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பால்மரம் வெட்டும் பெண்களின் முழங்கால்களையும் இடுப்பையும் பார்த்தே முடி நரைத்தவன். மலைக்கு என் குழுவோடு போகும்போதெல்லாம் மருந்துப் பையைச் சுமக்கும் வேலை எனக்குத்தான். அதனால் இதைச் சொல்லும் உரிமை எனக்கு உண்டென்று நினைக்கிறேன்: உங்கள் அம்மா பழைய பாதையில் போகலாம். ஆனால் இந்தக் கார்த்திகையில் வேண்டாம்.

லூனாஸ் தம்பியின் அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனாலும் மகன் உடைத்தால் போதும் என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அந்த அம்மாள் வாழ்நாள் முழுவதும் தனக்குப் பதிலாக மற்றவர் போவதைத்தானே பார்த்துக்கொண்டிருந்தார்? கணவர் விரதம் இருந்தபோது சமைத்தார், கணவர் படுத்தபோது பார்த்துக்கொண்டார். இப்போதும் அவர் பெயரில் இன்னொருவர் தேங்காய் உடைப்பதா?

பாதையை முதலில் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். பம்பையிலிருந்து சன்னிதானம் ஏறக்குறைய 5 கிலோமீட்டர். இந்தத் தொலைவு முழுவதும் ஒரே சரிவு கிடையாது. நீலிமலை அடிவாரத்திலிருந்து அப்பாச்சிமேடுவரைதான் நெஞ்சை முட்டும் ஏற்றம். அப்பாச்சிமேட்டைத் தாண்டினால் சரிவு தணிந்துவிடும். அங்கிருந்து சபரிபீடம், பிறகு மரக்கூட்டம்வரை மூச்சுத் திணறாமல் நடக்கலாம். ஆக, உங்கள் அம்மாவின் பிரச்சினை மலை முழுவதும் இல்லை, முதல் பாதிதான். அந்த முதல் பாதியிலேயே நீலிமலையிலும் அப்பாச்சிமேட்டிலும் இதயநோய்ச் சிகிச்சை மையங்களைக் கேரளச் சுகாதாரத் துறை பருவக் காலத்தில் நடத்துகிறது. இடையிடையே ஆக்சிஜன் கொடுக்கும் நிலையங்களும் இருக்கும். மாரடைப்பு அதிகம் வருகிற இடம் எது என்று பல ஆண்டுகளாகப் பார்த்துத்தான் அவற்றை அங்கே வைத்திருக்கிறார்கள்.

மலையில் விழுகிறவர்கள் பெரும்பாலும் கிழவர்கள் என்று நினைக்கிறீர்களா? என் கண்ணால் பார்த்தவரை, நிற்காமல் ஏறுகிறவர்கள்தான் விழுகிறார்கள். நாற்பது, நாற்பத்தைந்து வயது, அலுவலக வேலை, ஓராண்டாக உடலசைவே இல்லாதவர், குழு முன்னால் போய்விட்டது என்று இருமுடியோடு ஓடுவார். முன்னோர்கள் அந்தப் பாதையில் ஏன் இத்தனை இடங்களை வைத்தார்கள்? அப்பாச்சிமேட்டில் கன்னிசாமி (முதல் முறை மாலை போட்டவர்) நின்று அரிசிமாவு உருண்டைகளை இரு பக்கமும் உள்ள அப்பாச்சிக் குழியிலும் இப்பாச்சிக் குழியிலும் எறிய வேண்டும். தீய சக்திகள் அடங்கும் என்பது நம்பிக்கை. அடுத்துச் சபரிபீடத்தில் தேங்காய், கற்பூரம். அடுத்துச் சரங்குத்தியில், எருமேலியிலிருந்து கொண்டுவந்த சரத்தை, அதாவது அம்புக்கோலை, ஊன்ற வேண்டும். ஒவ்வொரு கடமையும் ஒரு மனிதனைச் சில நிமிடங்கள் நிற்கவைக்கிறது. நம்பிக்கையும் உடலும் ஒன்றையொன்று விட்டுக்கொடுக்காமல் அமைந்த பாதை அது. இன்று கூட்டத்தின் தள்ளுமுள்ளில், ஓடிக்கொண்டே உருண்டையை வீசிவிட்டுப் போகிறார்கள். எனக்கு அதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

சபரிபீடம் ஏழு கோட்டைகளில் ஒன்று. எருமேலி, காளைகட்டி, உடும்பாறை, கரிமலை, சபரிபீடம், சரங்குத்தி, பதினெட்டாம்படி என்று எருமேலியிலிருந்து காட்டுவழியே நடக்கும் பெருவழிக்காரர்கள் எண்ணுவார்கள். மலைக்கே பெயர் கொடுத்த தவமூதாட்டி சபரி தவம் இருந்த இடம் என்று வணங்குகிறோம். இராமனுக்காகக் காத்திருந்தவள். கம்பன் சொல்லும் சவரி, வந்த விருந்தினரை உபசரித்துவிட்டு, சுக்கிரீவன் இருக்கும் மலைக்கு வழியும் சொல்லி அனுப்புகிறாள். பழத்தைக் கடித்துப் பார்த்துக் கொடுத்தாள் என்று நாம் கேட்டு வளர்ந்த கதை வால்மீகியில் இல்லை, பின்னால் பக்தர்கள் சேர்த்தது. எனக்கு அந்தப் பழத்தைவிட வழி சொன்னதுதான் பெரிதாகப் படுகிறது. ஏறிக் களைத்து வருகிறவனுக்கு ஒரு கிழவி உட்கார இடம் கொடுத்து, இனி இப்படிப் போ என்கிறாள். உங்கள் அப்பா அங்கே உட்கார்ந்த காரணம் எனக்குத் தெரிகிறது.

இனி மாதம். மண்டல, மகரவிளக்குக் காலத்தில் எந்தப் பாதையில் ஏற்றுவது என்பதைப் போலீசார் கூட்டத்தைப் பார்த்து முடிவு செய்வார்கள். நீங்கள் நினைத்த இடத்தில் நிற்க முடியாது. பின்னால் இருக்கும் கூட்டம் தள்ளிக்கொண்டே வரும். சபரிபீடத்தில் உட்காரவா விடுவார்கள்? ஆனால் ஒவ்வொரு மலையாள மாதமும் முதல் 5 நாள் மாதபூஜைக்காக நடை திறந்திருக்கும். முந்தின நாள் மாலையே திறந்துவிடுவார்கள். கும்ப மாதம், அதாவது நம் மாசி, பிப்ரவரி நடுவில் வரும். மழை இருக்காது. கல் பாவிய பாதை ஈரமாக இல்லாவிட்டால் முழங்கால்காரர்களுக்குப் பாதிக் கவலை குறையும். கூட்டமும் மண்டலக் காலத்தோடு ஒப்பிட முடியாத அளவு குறைவு. ஆனி, ஆடி பக்கம் போக வேண்டாம். மலையில் மழை கொட்டும், அட்டை ஏறும். மாதபூஜைக்கும் இணைய வரிசையில் பதிவு செய்ய வேண்டும். பாஸ்போர்ட் எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்துவிட்டு, அதையே கையில் எடுத்துப் போங்கள்.

ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். விரதம் என்று சொல்லி அழுத்த மாத்திரையை நிறுத்தவிடாதீர்கள். நம் பக்கத்துப் பெண்கள் இதைச் செய்வார்கள், வீட்டில் சொல்லவும் மாட்டார்கள். மாலை போட்ட நாளிலிருந்து மாத்திரைப் பெட்டியை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

---

கோலகெட்டில் குருசாமி எழுதியது:

சாமியே சரணம் ஐயப்பா. டிரெசர் ஐயா சொன்ன உடல்நலச் செய்திகளை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்தக் குடும்பத்தில் ஒரு கன்னிசாமி இருக்கிறார் என்பதை மறந்துவிடக் கூடாது. கன்னிசாமி கார்த்திகையில் மாலை போட்டு, 41 நாள் விரதம் இருந்து, எருமேலியில் பேட்டை துள்ளி (வண்ணம் பூசி ஆடி), சரங்குத்தியில் சரம் ஊன்றுவதுதான் நாங்கள் பெரியவர்களிடம் கற்ற முறை. ஐயப்பனை மணக்க விரும்பிய மாளிகைப்புறத்தம்மன் கதை தெரிந்தவர்களுக்கு இதன் பொருள் புரியும். கன்னிசாமி வராத ஆண்டில் திருமணம் என்று ஐயப்பன் வாக்குக் கொடுத்திருக்கிறார். அந்த அம்மன் மகரவிளக்கை ஒட்டிய நாள்களில் சரங்குத்திவரை எழுந்தருளி, ஊன்றியிருக்கும் சரங்களைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறாள். அந்தச் சரங்களில் ஒன்று இந்தத் தம்பியுடையதாக இருக்க வேண்டாமா?

என் யோசனை, தம்பியை மண்டலக் காலத்தில் நல்ல குருசாமியோடு அனுப்புங்கள். அம்மாவை மாசியில் தனியாக அழைத்துப் போகலாம். இருவரையும் ஒரே பயணத்தில் கட்டிப்போட வேண்டியதில்லை. இருமுடிச் செலவு இரண்டு முறை ஆகும், விமானச் செலவும் ஆகும் என்பது எனக்குத் தெரியும். முடியாவிட்டால் மாசியிலேயே இருவரும் போகட்டும். ஆனால் 41 நாள் விரதத்தைக் குறைக்கக் கூடாது. மார்கழி நடுவில் மாலை போட்டால் மாசிக்குச் சரியாக இருக்கும்.

இன்னொன்று. 2024 மண்டலப் பருவத்துக்கு முன் இருமுடியில் கற்பூரம், ஊதுபத்தி, பன்னீர் வைப்பதைத் தவிர்க்கும்படி கோயிலின் தலைமை அர்ச்சகரான தந்திரி கேட்டுக்கொண்டு, கோயிலை நிர்வகிக்கும் தேவஸ்வம் போர்டும் அறிவித்தது. பிளாஸ்டிக் எதுவும் கூடாது. மலேசியாவில் பூஜைப் பொருள் கடைகளில் விற்கிற ஆயத்த இருமுடிப் பொட்டலங்களில் எல்லாமே பிளாஸ்டிக் உறையில்தான் வருகிறது. அதை அப்படியே வாங்கிக் கட்டிவிடாதீர்கள். அரிசி, வெல்லம், மஞ்சள் எல்லாவற்றையும் துணியிலோ காகிதத்திலோ மடித்து வையுங்கள். பம்பையில் குளித்துவிட்டு உடுத்திய துணியை ஆற்றில் விடுவது ஒரு சடங்கே இல்லை. கேரள உயர் நீதிமன்றமும் அதைத் தடை செய்திருக்கிறது.

---

மாளிகைப்புறம், பாடாங் செராய் எழுதியது:

மகளே, நானும் தோட்டத்துப் பெண்தான், காண்டாக் கம்பில் பால் வாளி சுமந்தவள். எனக்கும் முழங்கால்வலி உண்டு. நீலிமலை வழியாக ஏறியிருக்கிறேன். யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். ஏறும்போது மூச்சுதான் வாங்கும், முட்டி அவ்வளவாக வலிக்காது. இறங்கும்போதுதான் முட்டி போய்விடும். ஏற டோலி பிடித்து, இறங்கும்போது "இறக்கம்தானே" என்று நடப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். அம்மா நடந்தே ஏறட்டும், நின்று நின்று. இறங்குவதற்குச் சன்னிதானத்திலிருந்து டோலி எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு பேர் தூக்குவார்கள். கட்டணம் தேவஸ்வம் நிர்ணயித்ததுதான், ரசீது கேட்டு வாங்குங்கள். டோலி வேண்டாம் என்றால் சுவாமி ஐயப்பன் சாலை வழியாகக் கையில் தடியோடு மெதுவாக இறங்கலாம். நீலிமலை வழியாக மட்டும் இறங்கவே வேண்டாம்.

செருப்பில்லாமல் நடந்து பழக வேண்டும். தாமான் வீட்டில் ஓடு பதித்த தரையில் நடக்கும் கால் வேறு, தோட்டத்தில் நடந்த கால் வேறு. எனக்கு உள்ளங்கால்தான் முதலில் அழுதது. காலை வேளையில் புல்தரையிலும் மண்ணிலும் வெறுங்காலோடு நடக்கச் சொல்லுங்கள்.

கழிப்பறையை நினைத்துத் தண்ணீர் குடிக்காமல் ஏறுவது பெண்களின் பழக்கம். அம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள், தண்ணீர் குடித்தே ஆக வேண்டும். வழியில் சுக்கும் வெட்டிவேரும் பதிமுகமும் போட்டுக் காய்ச்சிய இளஞ்சிவப்பு வெந்நீர் கொடுப்பார்கள். வாங்கிக் குடித்தால் உடம்புக்கு இதம்.

---

பீடோங் மகள் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. படித்துவிட்டு அம்மாவிடம் முழுவதையும் வாசித்துக் காட்டினேன். பாடாங் செராய் அம்மா இறக்கத்தைப் பற்றி எழுதியதைக் கேட்டதும், "வெட்டுக்காரியைத் தவிர யாருக்கு இது தெரியும்" என்றார். மேட்டு நிரையில் ஏறும்போது எதுவும் தெரியாதாம், நிறைந்த வாளியோடு இறங்கும்போதுதான் முட்டி உதறுமாம்.

தம்பி மாசிக்கு ஒப்புக்கொண்டுவிட்டான். குருசாமி ஐயா, அவனைத் தனியாகக் கார்த்திகையில் அனுப்ப எங்களால் இந்த ஆண்டு முடியாது. விமான டிக்கெட்டுக்கே நானும் அவனும் மாதாமாதம் எடுத்துவைக்கிறோம். அவன் 41 நாள் விரதம் குறையாமல் இருப்பான், எருமேலி வழியாகப் போய்ச் சரம் வாங்கிக்கொள்வான் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன்.

மேலும் சில கேள்விகள். அரசாங்கக் கிளினிக்கில் அம்மாவுக்கு இருதயப் பரிசோதனை கேட்கலாமா, அல்லது தேவையில்லையா? மலை ஏறிப் பழக இங்கே எங்கே போவது? பயண ஏற்பாட்டாளரின் திட்டத்தில், கொச்சியில் இறங்கிய அன்றிரவே வேனில் ஏற்றி, மறுநாள் மலை ஏற்றி, அன்று மாலையே இறக்கிவிடுகிறார்கள். அது சரியாக வருமா? இருமுடியை இங்கேயே கட்டிக்கொண்டு போவதா? முக்கியமான கேள்வி, அம்மாவுக்கு வழியில் நெஞ்சு வலித்தால் தம்பி என்ன செய்ய வேண்டும்? அவனுக்கு 24 வயது. பதறிவிடுவான்.

---

டிரெசர் (ஓய்வு) எழுதியது:

கேட்டதே நல்லது, மகளே.

கிளினிக்கில் கட்டாயம் கேளுங்கள். "இந்தியாவுக்குப் போகிறோம்" என்று பொதுவாகச் சொல்லாமல், 5 கிலோமீட்டர் செருப்பில்லாமல் மலை ஏறப்போகிறார் என்று டாக்டரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். இ.சி.ஜி. எடுத்து, தேவைப்பட்டால் மேல் பரிசோதனைக்குச் சுங்கைப்பட்டாணிக்கு எழுதிக் கொடுப்பார்கள். இப்போதே தொடங்கினால்தான் மாசிக்குள் முடியும். டாக்டர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அப்போது டோலியில் பழைய பாதை வழியாகவே போகும்படி பேசிக்கொண்டு, சபரிபீடத்தில் இறக்கி உட்காரவைக்கச் சொல்லலாம். அதுவும் அவர் கையால் உடைத்த தேங்காய்தான். முழங்கால்வலிக்கு மருந்துக் கடையில் தானாக மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறாரா என்று பாருங்கள். அவற்றில் பல, அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். எண்ணெய் தேய்ப்பதும் முழங்கால் பட்டை அணிவதும் போதும். தொடைத் தசை வலுப்பட்டால் முட்டியின் சுமை குறையும். நாற்காலியில் உட்கார்ந்து, காலை நேராக நீட்டிப் பிடித்து, மெதுவாக இறக்கும் பயிற்சியைத் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே செய்யலாம்.

பழகுவதற்கு நமக்கு இடமா இல்லை? முதல் மாதம் தாமானைச் சுற்றி நடக்கட்டும். பிறகு பினாங்குத் தண்ணீர்மலை. 513 படிகள். முருகனையும் பார்த்ததாக இருக்கும். முதலில் பாதிவரை ஏறித் திரும்பட்டும். ஜெராய் மலைக்குக் குரூணிலிருந்து மேலே போகும் சாலை இன்னும் பொருத்தம். படி இல்லாத தொடர்ந்த ஏற்றம், சுவாமிமார் ஏறும் சரிவு எப்படி இருக்கும் என்று காலுக்குக் காட்டிக்கொடுக்கும். 1,217 மீட்டர் உச்சிவரை போக வேண்டியதில்லை. அரை மணி நேரம் ஏறி, கார் வைத்த இடத்துக்குத் திரும்பினால் போதும். ஏறும்போது பேச முடிகிறதா என்று பாருங்கள். ஒரு முழு வாக்கியம் பேச மூச்சு போதவில்லை என்றால், வேகம் அவருக்கு அதிகம். மலையிலும் தம்பி இதே அளவுகோலை வைத்துக்கொள்ளட்டும்.

அந்தப் பயணத் திட்டத்தை நான் ஏற்கமாட்டேன். விமானத்தில் வந்த உடம்பு, தூக்கமில்லாத இரவு, வளைந்து வளைந்து ஓடும் வேன், அதன் மேல் மலையேற்றமா? இளைஞனுக்கே நல்லதில்லை. கொச்சியில் ஓரிரவு தங்குங்கள். மறுநாள் எருமேலி. தம்பி தன் கடமைகளை முடிக்கட்டும், அம்மா நிழலில் உட்கார்ந்து பார்க்கட்டும். அன்றே நிலக்கல் வழியாகப் பம்பைக்குப் போய், வெயில் தணிந்த பிறகோ மறுநாள் விடியலுக்கு முன்போ ஏறுங்கள். 2018 வெள்ளத்தில் பம்பைக் கரை சிதைந்த பிறகு நிலக்கல்தான் முக்கிய வண்டி நிறுத்துமிடம். அங்கிருந்து கேரள அரசின் கே.எஸ்.ஆர்.டி.சி பஸ்ஸில் போக வேண்டியிருக்கலாம். அந்த இடைவெளிக்கும் நேரம் ஒதுக்குங்கள். சன்னிதானத்தில் ஓரிரவு தங்க அறை கிடைக்குமா என்று தேவஸ்வத்தில் முன்பதிவு செய்து பாருங்கள். நெய்யபிஷேகம் காலையில். தங்கினால் அதையும் அம்மா பதற்றமில்லாமல் முடிக்கலாம். இந்தத் திட்டத்துக்கு ஏற்பாட்டாளர் இணங்காவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள்.

இருமுடியைப் பீடோங்கிலேயே கோயிலில் கட்டுவது நல்லது, உங்களுக்காகத்தான் சொல்கிறேன். நீங்கள் மலைக்குப் போக முடியாது. ஆனால் இருமுடி கட்டும் சடங்கான கட்டுநிறையில் உங்கள் கையால் அரிசி போடலாம். வீட்டுப் பெண்கள் எல்லாரும் போடலாம். விமானத்தில் பெட்டியோடு போட்டுவிடுங்கள், கைப்பையில் தேங்காயை எடுத்துப் போனால் சோதனையில் வம்பு வரும். அப்படியும் மனம் ஒப்பவில்லையென்றால் பம்பையில் கணபதி கோயில் பக்கம் கட்டுநிறை வசதி உண்டு. சபரிபீடத்துத் தேங்காயை இருமுடியின் பின்பக்கப் பையான பின்முடியில் தனியாக வையுங்கள். நெய்த் தேங்காயோடு கலந்துவிட வேண்டாம். கூட்டத்தில் தம்பி எதையாவது எடுத்து நீட்டிவிடுவான்.

இனி நெஞ்சு வலி. தம்பியிடம் இப்படிச் சொல்லுங்கள். நெஞ்சை அழுத்துகிறது, இடது கையிலோ தாடையிலோ வலி, குளிர்ந்த வியர்வை, கண் இருள்கிறது, இவற்றில் எது வந்தாலும் அந்த இடத்திலேயே உட்காரவைக்க வேண்டும். இன்னும் ஓர் அடிகூட ஏறக் கூடாது. "பக்கத்தில்தான் மையம் இருக்கிறது, நடந்துவிடலாம்" என்பதும் கூடாது. இருமுடியை இறக்கி அவன் தோளில் வைத்துக்கொள்ளட்டும். சத்தம் போட்டால் தன்னார்வலர்கள் வருவார்கள், தூக்குப்படுக்கை வரும். அம்மாவின் மாத்திரைப் பட்டியலையும் இ.சி.ஜி. தாளையும் தம்பி தன் இடுப்புப் பையில் வைத்திருக்க வேண்டும், பெட்டிக்குள் இல்லை. பருவக் காலத்தில் இருக்கிற அளவு மருத்துவ மையங்கள் மாதபூஜையில் திறந்திருக்காது. அதனால் பம்பை மருத்துவமனையில் ஏறும் முன்பே அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, வழியில் எது திறந்திருக்கிறது என்றும் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். அங்கே அழுத்தம் அதிகமாக இருந்தால் அன்று ஏற வேண்டாம். நடை 5 நாள் திறந்திருக்கும். மறுநாள் ஏறலாம்.

குழு முன்னால் போகட்டும். தம்பி அம்மாவுக்கு ஓரடி பின்னால் நடக்கட்டும், முன்னால் வேண்டாம். முன்னால் நடக்கும் பிள்ளையின் வேகத்துக்கு ஈடு கொடுக்கத் தாய் எப்போதும் முயல்வாள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்கள் குழுவில் சிலர் தண்ணீர்மலைக்குப் போகிறோம். காலை 6 மணிக்குப் பீடோங் சந்தைப் பக்கத்திலிருந்து வேன் புறப்படும். அம்மாவையும் தம்பியையும் அனுப்புங்கள், நீங்களும் வாருங்கள். அழுத்தம் பார்க்கும் கருவி என்னிடம் இருக்கிறது. ஏறும் முன்னும் இறங்கிய பின்னும் பார்த்து எழுதித் தருகிறேன். கிளினிக்கில் டாக்டரிடம் காட்ட உதவும். மாத்திரையைப் போட்டுவிட்டுத்தான் வர வேண்டும், பசியாறாமல் வரக் கூடாது.

---

பீடோங் மகள் எழுதியது:

மூவரும் வருகிறோம் ஐயா. வேனில் மூன்று இடம் வையுங்கள்.